பழைய பிக்கப்புகளைப் பரிசோதிக்காமல் விடுவது தவறு

பழைய பிக்கப் வண்டியின் ஸ்டீயரிங் பெரும்பாலும் முன்னறிவிப்பு தந்தே பழுதாகிறது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அந்த அசைவு ஸ்டீயரிங் பாக்ஸ், டை ராடு, அதன் முனையிலுள்ள பால் ஜாயிண்ட் என வரிசையாகக் கடந்து சக்கரத்தை அடைகிறது. இவற்றில் எது தேய்ந்தாலும் முதலில் கூடுவது ‘பிளே’. ஸ்டீயரிங் சற்றுத் திரும்பிய பிறகே சக்கரம் அசையும். பால் ஜாயிண்டின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறி, மண்ணும் தண்ணீரும் உள்ளே புகுந்தால் தேய்மானம் விரைவாகும். முன்பக்கம் ஒரே இரும்பு அச்சில் அமைந்த கனரக பிக்கப்புகளில் இப்படித் தேய்ந்திருந்தால், ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதுமே முன்சக்கரங்கள் கடுமையாக உதறத் தொடங்கும். வேகம் குறைந்தால்தான் அடங்கும். கடைசியில் பால் ஜாயிண்டின் தண்டு முறிந்தால், ஸ்டீயரிங் எப்படித் திரும்பினாலும் சக்கரம் அதற்குக் கட்டுப்படாது.

வண்டியைத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பார்க்கும் மெக்கானிக், இந்தத் தேய்மானத்தைச் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடுவார். அந்தச் சில நிமிடங்களைத்தான் டெக்சாஸ் மாநிலம் கைவிட்டிருக்கிறது. பிக்கப்புகள் மலிந்த அந்த மாநிலத்தில், வணிகப் பயன்பாட்டில் இல்லாத வண்டிகளுக்கான ஆண்டுப் பாதுகாப்புப் பரிசோதனை 2025 ஜனவரி 1 முதல் இல்லை. ஆனால் பரிசோதனைக்கு மாற்றாக 7.50 டாலர் கட்டணம் மட்டும் ஆண்டுதோறும் வசூலாகிறது. அமெரிக்கச் சாலைகளில் ஓடும் கார்கள், பிக்கப்புகளின் சராசரி வயது 2024-இல் 12.6 ஆண்டுகளை எட்டிவிட்ட நிலையில் நடைமுறைக்கு வந்த இந்த முடிவு திரும்பப் பெறப்பட வேண்டும்.

பெரும்பாலான விபத்துகளுக்கு ஓட்டுநரே காரணம், வண்டியின் பழுது மிகச் சிறு பங்குதான் என்பது பரிசோதனையை எதிர்ப்போரின் வாதம். அந்தக் கணக்கு உண்மையே. ஆனால் டிரெய்லர் இழுத்துச் செல்லும் ஒரு பிக்கப் எதிர்த்தடத்துக்குள் பாய்ந்தால், உயிரை இழப்பவர் அதன் பராமரிப்பில் எந்தப் பங்கும் இல்லாத வேறொருவராக இருக்கலாம். பராமரிப்பை உரிமையாளரின் விருப்பத்துக்கே விட்டுவிடுவது, அப்படி உயிரிழப்பவருக்குச் செய்யும் அநீதி.

உற்பத்தியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றும் இருந்துவிட முடியாது. 2013-இல் கிரைஸ்லர் நிறுவனம், இடது டை ராடு முறியும் அபாயத்துக்காக ஏறத்தாழ 12 லட்சம் ராம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அவற்றில் பல 2003 முதல் 2008 வரையிலான மாடல்கள். முன்பு பழுதுபார்த்தபோது டை ராடு சரியான நிலையில் பொருத்தப்படாத வண்டிகளும் அவற்றில் இருந்தன. 2015 ஜூலையில், 1.1 கோடிக்கும் அதிகமான வண்டிகள் தொடர்பான 23 திரும்ப அழைப்புகளில் காட்டிய மெத்தனத்துக்காக, அந்நிறுவனத்தின் மீது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 10.5 கோடி டாலர் வரை அபராதம் விதித்தது.

சட்டத்திலும் ஓட்டைகள் உள்ளன. 2004-இல் கலிபோர்னியாவில் வாடகைக் கார் ஒன்றின் பவர் ஸ்டீயரிங் குழாய் கசிந்து தீப்பற்றியதில் இரு சகோதரிகள் இறந்தார்கள். அந்தக் கார் திரும்ப அழைக்கப்பட்டும் சரிசெய்யப்படாமல் வாடகைக்கு விடப்பட்டது. அதன்பின் 2015-இல் வந்த சட்டம், 35-க்கு மேற்பட்ட கார்கள் வைத்திருக்கும் வாடகை நிறுவனங்கள் அத்தகைய வண்டிகளை வாடகைக்கு விடத் தடை விதித்தது. பழைய வண்டி விற்கும் வியாபாரிகளுக்கோ கூட்டாட்சிச் சட்டத்தில் அத்தகைய தடை இன்றும் இல்லை. டை ராடு மாற்றப்படாத பிக்கப்பை அவர்கள் தாராளமாக விற்கலாம். அந்தத் தடை அவர்களுக்கும் பொருந்த வேண்டும்.

வண்டி முதலில் விற்கப்பட்டு 15 ஆண்டுகள் கடந்தபின் திரும்ப அழைக்கப்பட்டால், அதை இலவசமாகச் சரிசெய்து தரும் கட்டாயம் உற்பத்தியாளருக்கு இல்லை. 20 ஆண்டு உழைக்கும் பிக்கப்புகளுக்கு இந்த வரம்பு போதாது. குறைந்தபட்சம் ஸ்டீயரிங், பிரேக் பழுதுகளுக்காவது அமெரிக்க நாடாளுமன்றம் அதை நீக்க வேண்டும்.