தான்தோன்றியும் தன்னெழுச்சியும்

கரூருக்கு அருகில் தான்தோன்றிமலை என்னும் திருத்தலத்தில் கல்யாண வெங்கடரமணர் எழுந்தருளியிருக்கிறார். ஈழத்தில் மட்டக்களப்பைச் சேர்ந்த கொக்கட்டிச்சோலையில் சிவபெருமானுக்குத் தான்தோன்றீஸ்வரர் என்பதே திருநாமம். மனிதர் எவரும் உளிகொண்டு செதுக்காமலும் பிரதிஷ்டை செய்யாமலும் தானே வெளிப்பட்ட மூர்த்தியைத் தான்தோன்றி என்று போற்றி வணங்குவது நம் மரபு. ஆனால் அதே சொல்லை ஓர் ஆளின் நடத்தைக்குப் பொருத்தி, 'அவன் தான்தோன்றித்தனமாக நடக்கிறான்' என்று பெரியவர்கள் சொல்லிவிட்டால், அதைவிடக் கடுமையான கண்டனம் வேறொன்று வேண்டுவதில்லை.

தெய்வத்துக்குப் பெருமையாவது மனிதனுக்கு இழிவாவது ஏன் என்று யோசித்தால், தமிழ் மக்களின் அபிப்பிராயம் ஒன்று அதில் தெளிவாகப் புலப்படும். முன்னேற்பாடில்லாமல் பிறக்கும் எல்லாவற்றையும் அவர்கள் ஒன்றாகப் பாவிக்கவில்லை. ஒரு செயல் ஒருவனுடைய இச்சையிலிருந்து பிறந்ததா, அல்லது அவனுடைய சுபாவத்திலிருந்தும் சாதகத்திலிருந்தும் நெஞ்சின் இரக்கத்திலிருந்தும் பிறந்ததா என்று பார்த்து, முன்னதற்கு ஒரு வகைச் சொற்களையும் பின்னதற்கு வேறு வகைச் சொற்களையும் வழங்கி வந்திருக்கிறார்கள்.

இச்சையை உள்ளடக்கிய சொற்களை முதலில் எடுத்துக்கொள்வோம். தன்னிச்சை என்பது பிறரைக் கலந்துகொள்ளாமல் தன் விருப்பமே பிரமாணமாக நடப்பது. அந்தப் போக்கு ஆட்சிபீடத்தில் ஏறிவிட்டால் அதற்கு யதேச்சாதிகாரம் என்று பெயர். சுயேச்சை என்ற சொல் மட்டும், கட்சி சாராத வேட்பாளருக்கு உரியதாகி, பழியிலிருந்து தப்பியிருக்கிறது. 'யதேச்சையாகச் சந்தித்தோம்' என்று நாம் சொல்லும்போது அங்கே விருப்பத்தின் பேச்சே இல்லை. தற்செயலைக் குறிக்கும் யத்ருச்சா என்ற வடசொல்லும், இஷ்டப்படி என்று பொருள்படும் யதேச்சம் என்ற வடசொல்லும் தமிழ் வழக்கில் ஒன்றாகக் கலந்துவிட்டன என்றே தோன்றுகிறது. கொதிக்கும் பாத்திரத்தில் விரல் பட்டவுடன், மூளை நினைப்பதற்கு முன்பே, தண்டுவடத்தின் ஏவலால் கை பின்வாங்குகிறதே, அதற்குப் பள்ளிப் பாடநூல்கள் அனிச்சைச் செயல் என்று பெயரிட்டது மிகப் பொருத்தம். இச்சையே இல்லாத இடத்தில் புகழுமில்லை, பழியுமில்லை.

இனி, போற்றுதற்குரிய வகை. முன்கூட்டி எழுதி வைக்காமல் கேட்ட மாத்திரத்தில் பாடும் புலவனை ஆசுகவி என்று நம் முன்னோர் நால்வகைக் கவிகளுள் ஒருவனாக வைத்தார்கள். பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த காளமேகப் புலவர் இந்த வகையில் பெரும் கீர்த்தி பெற்றவர். எதிரே இருப்பவர் கொடுத்த பொருளைக் கொண்டு அக்கணமே அவர் பாடியதாகச் சொல்லப்படும் பாடல்களில் மிகப் பல வெண்பாக்கள். தளை தட்டினால் உருவே கெட்டுவிடும் கண்டிப்பான யாப்பு அது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) செய்யுட்களை அநாயாசமாகச் சொல்லிக்கொண்டே போக மாணாக்கர்கள் ஏட்டில் எழுதிய காட்சியை, அவரிடம் பயின்ற உ.வே. சாமிநாதையர் வியப்புடன் பதிவு செய்திருக்கிறார். அந்த வேகம், வாழ்நாள் முழுவதும் இலக்கணமும் இலக்கியமும் ஓதி ஓதி ஊறிய உள்ளத்துக்கு மட்டுமே வாய்ப்பது.

சங்கீதத்தில் இந்த உண்மை இன்னும் தெளிவாகிறது. சாஹித்தியகர்த்தர்கள் இயற்றி வைத்ததைப் பாடுவது கல்பித சங்கீதம்; ராக ஆலாபனை, தானம், நிரவல், கல்பனாஸ்வரம் என்று மேடையில் அந்தந்தக் கணத்தில் பிறப்பது மனோதர்ம சங்கீதம். மனம் போன போக்கு என்று அதைச் சொல்லாமல் மனத்தின் தர்மம் என்று சொன்னார்களே, அதில்தான் எவ்வளவு விவேகம்! ஸரளி வரிசையும் அலங்காரமும் வர்ணமும் ஆண்டுக்கணக்கில் சாதகம் செய்து, ராகத்தின் எல்லையைத் தன் மனத்தின் எல்லையாகவே ஆக்கிக்கொண்ட வித்துவானுக்குத்தான், எழுதி வைக்காத ஒரு சஞ்சாரம் புதிதாக உதிக்கும் போதும் அது ராகத்துக்குத் துரோகமாவதில்லை. நாகஸ்வர வித்துவான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனை இன்றுவரை கொண்டாடப்படுவதற்கும் இதுவே காரணம்.

இவ்வளவு நுட்பமாக வகுக்கப்பட்ட இந்தப் பேதத்தை இன்றைய பத்திரிகைத் தமிழும் மேடைத் தமிழும் அழித்து வருகின்றன என்பதே என் வருத்தம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது, எவருடைய உத்தரவுக்கும் காத்திராமல் படகுகளைக் கொண்டுவந்து அண்டை அயலாரை மீட்ட மீனவர்கள் தாமாக முன்வந்தவர்கள். அத்தகைய கருணையைத் 'தன்னிச்சையான உதவி' என்று எழுதுவது அவர்களை அறியாமலே அவமதிப்பதாகும். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினா கடற்கரையில் இளைஞர்கள் திரண்டபோது தன்னெழுச்சி என்ற சொல் எல்லோர் நாவிலும் ஏறியது. தலைவர் ஒருவர் அழைக்காமலே ஜனங்கள் கூடியதால் அந்த இடத்தில் அது தகுதியான சொல்லாக இருந்தது. அதன் பின்னரோ, வாகனங்கள் அமர்த்தி ஊர் ஊராக அழைத்துவரப்படும் கூட்டத்துக்கும் அந்தச் சொல்லையே சூட்டும் வழக்கம் வந்துவிட்டது. மறுபுறம், காரணம் காட்டாமல் ஒரு குடிமகனைப் பிடித்து அடைப்பதை, 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் ஒன்பதாம் பிரிவில் வெளிப்படையாகத் தடுத்திருக்க, அத்தகைய கைதையும் வெறும் 'திடீர் நடவடிக்கை' என்று எழுதினால், அதிலுள்ள அநீதி வாசகன் கண்ணிலிருந்தே மறைந்துவிடுகிறது.

அதிகாரமுள்ளவனின் இஷ்டத்தையும் அதிகாரமற்றவனின் எழுச்சியையும் பிரித்துக் காட்டத் தெரியாத பாஷையில் நியாயத்தைப் பற்றித் தர்க்கம் செய்ய முடியாது. ஆகையால் எழுதுகிறவர்களுக்கும் பேசுகிறவர்களுக்கும் என் விண்ணப்பம் ஒன்றே: பிறரைக் கேளாமல் தன் விருப்பத்தையே சட்டமாக்கும் செயலுக்குத் தன்னிச்சை என்றும், ஏவுவாரின்றிச் செய்யும் உதவிக்குத் தாமாக முன்வருதல் என்றும், அழைப்பாரின்றித் திரளும் மக்களுக்குத் தன்னெழுச்சி என்றும் சொல்லுங்கள், அழைத்துவரப்பட்ட கூட்டத்தை அழைத்துவரப்பட்ட கூட்டம் என்றே எழுதுங்கள்.