ஆவாரை விதை தூங்குகிறது!

ஆவாரை விதையை விதைக்கிறார்கள். முளைப்பதில்லை. உடனே, "சொத்தை விதை" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இது சரியா?

சரி அல்ல. விதை சாகவில்லை, தூங்குகிறது! அதன் தோல் கடினமானது. தண்ணீர் எளிதில் உள்ளே புகாது. ஒரு தூறலை நம்பி முளைத்தால் அடுத்த வெயிலில் கருகிவிடும் அல்லவா? அதற்காக இயற்கை போட்ட பூட்டு அது.

திறப்பது எளிது. விதையை மணலோடு சேர்த்துத் தேய்க்க வேண்டும். அல்லது கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு, ஓர் இரவு ஊறவிட வேண்டும். உப்பிய விதைகளை உடனே விதைக்கலாம்.

அழகுக்காக வந்த அமெரிக்க உன்னிச்செடி நம் காடுகளை அடைத்துக்கொண்டது. வறட்சியைத் தாங்கி, பொங்கல் காப்புக்குப் பூக் கொடுக்கும் ஆவாரைக்கு வேலியோரத்தில் இடம் இல்லையா? காசு வேண்டாம். கொஞ்சம் வெந்நீர் போதும்!