மீண்டும் அதுவே வேண்டுமா?

வெற்றி பெற்ற கலைஞனிடம் உலகம் கேட்கும் வரம் ஒன்றே ஒன்றுதான்: "இன்னொரு முறை!" கொடுத்தால் சில நாளில் பழைய சரக்கு என்று முகம் சுளிக்கும், கொடுக்காவிட்டால் அன்றைக்கே தலைக்கனம் பிடித்தவன் என்று ஏசும். இந்த இரண்டாவது ஏச்சை முழுதாக வாங்கிக் கட்டிக்கொண்ட இசைத்தட்டு ஒன்றைப் பற்றிச் சில வார்த்தை சொல்ல விரும்புகிறேன். லெட் ஸெப்பெலின் என்ற ஆங்கிலேயக் குழுவினர் 1970 அக்டோபரில் வெளியிட்ட மூன்றாவது இசைத்தட்டு அது.

தமிழ் மன்றத்து ஏட்டில் மேனாட்டு முழக்கம் எதற்கு என்று முணுமுணுக்கும் நண்பர்கள் சற்றே பொறுக்க. நம் விடுதியில் இந்தக் குழுவின் பாட்டு ஒலிக்காத மாடி இல்லை; அதைப் பற்றி நாம் சண்டையிடுவதும் தமிழில்தான். சண்டை தமிழில் நடக்கலாம், கட்டுரை நடக்கக்கூடாதா?

1969ஆம் ஆண்டு அவர்களுக்குப் பொன் விளைந்த ஆண்டு. ஜனவரியில் முதல் தட்டு, அக்டோபரில் இரண்டாவது. ஊர் ஊராகக் கச்சேரி செய்துகொண்டே, கிடைத்த ஒலிப்பதிவுக் கூடத்தில் புகுந்து பதிந்த தட்டு அந்த இரண்டாவது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஏழு வாரம் முதலிடம் பெற்றது. மின்சார கிதாரின் உறுமலும் இடி போன்ற முரசுமாக, ஹார்டு ராக் என்னும் இசைக்கே அது இலக்கணம் போலாயிற்று. ரசிகர்கள் இன்னொரு இடியை எதிர்பார்த்துக் காத்திருந்தனர்.

குழுவினரோ வேறு திசையில் போனார்கள். 1970இல் கிதார்க்காரர் ஜிம்மி பேஜும் பாடகர் ராபர்ட் பிளாண்டும் வேல்ஸ் மலைப்புறத்திலுள்ள ப்ரான்-அர்-ஐர் என்ற சிறு வீட்டில் சென்று தங்கினர். பிளாண்ட் சிறுவனாகப் பெற்றோருடன் விடுமுறைக்குப் போன வீடு அது. மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. மின்சாரமில்லாத வீட்டில் மின்சார கிதார் என்ன செய்யும்? மரக் கிதாரும் மனிதக் குரலுமாகப் பாட்டுகள் பிறந்தன.

தட்டில் மொத்தம் பத்துப் பாட்டு. முதற்பக்கத்தில் முழக்கத்துக்குக் குறைவில்லை. ஐஸ்லாந்துப் பயணத்தில் கருக்கொண்ட முதற்பாட்டே போர்க்கூச்சலோடுதான் தொடங்குகிறது. அதே பக்கத்து மெதுவான புளூஸ் பாட்டில் ஜான் பானமின் முரசு மிதிகட்டை கிறீச்சிடுவது தெளிவாகக் கேட்கும். எண்ணெய்கூட விடாமல் உலகுக்கு அனுப்பிவிட்டார்கள்! மறுபக்கம் ஏறத்தாழ முழுவதும் மரக் கிதார்தான். அங்கேதான் வம்பு வந்தது. முன்பு இவர்கள் இசையை இரைச்சல் என்று இகழ்ந்த விமர்சகர் உலகம், இப்போது இரைச்சல் எங்கே என்று கேட்டது. வேறு குழுக்களைப் பார்த்து மெல்லிசைக்குத் தாவிவிட்டார்கள் என்றும் சிலர் எழுதினர். இவர்கள் முதல் தட்டைக் கேட்டதே இல்லையா? அதிலேயே மரக் கிதார் உண்டு. ஒரு பாட்டில் விரம் ஜசானி வாசித்த தபேலாகூட உண்டு.

குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. கடைசிப் பாட்டு வெறும் குறும்பு. சுழலும் சக்கரம் வைத்த அட்டையோ பொம்மைக் கடைச் சரக்கு. விற்பனையிலும் பின்தங்கியது உண்மையே. அமெரிக்கச் சான்றிதழ்க் கணக்கில் இரண்டாவது தட்டு 1 கோடியே 20 லட்சம். மூன்றாவது அதில் சரிபாதி, 60 லட்சம்.

"பார்த்தாயா, பாதியாகிவிட்டதே!" என்பார் என் அறை நண்பர். எனக்கு இந்தச் சண்டை வெறும் பொழுதுபோக்கன்று. வேதியியல் முதுகலை மாணவன் நான். சென்ற பருவத்தில் என் கையில் ஒரு வினையூக்கி எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்தது. இப்போது நாற்புறமும் ஒரே அறிவுரை: அதே வினையூக்கி, அதே வெப்பநிலை, மூலப்பொருளை மட்டும் மாற்றிப் பத்து முறை செய், பத்து அட்டவணை கிடைக்கும். நாகபுரியில் குடியேறி முப்பது ஆண்டு கண்ட என் தந்தையாரும், "நன்றாய் வந்ததை ஏனப்பா விடுகிறாய்?" என்றே தொலைபேசியில் கேட்கிறார். பிழைக்கப் போன ஊரில் கிடைத்த பிடியை விடாதே என்பது அவர் பட்டுக் கற்ற பாடம். அதைக் குறை சொல்லேன். ஆனால் அந்த வினையூக்கி ஏன் வேலை செய்தது என்பது எனக்கு இன்னும் தெரியாது. தெரிய வேண்டுமானால் வேறொரு சோதனை, ஒருவேளை ஒன்றுமே தராமல் போகக்கூடிய சோதனை, செய்தாக வேண்டும்.

பேஜ் குழுவினர் செய்ததும் அத்தகைய சோதனையே என்பது என் கருத்து. முழக்கத்தை நீக்கினால் மிச்சம் நிற்பது என்ன என்று பார்த்தார்கள். பாட்டு நின்றது.

அடுத்த தட்டு 1971 நவம்பரில் வந்தது. அட்டையில் தட்டின் பெயரும் இல்லை, குழுவின் பெயரும் இல்லை. விமர்சகர்களுக்கு அதுவே விடை போலும். அதிலுள்ள எட்டு நிமிடப் பாட்டு ஒன்று மரக் கிதாரும் குழலுமாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறி முழக்கத்தில் முடிகிறது. மூன்றாவது தட்டில் இரு பக்கமாகப் பிரிந்து கிடந்தவை இங்கே ஒரே பாட்டுக்குள் கூடிவிட்டன. அமெரிக்கச் சான்றிதழ்க் கணக்கு இதற்கு 2 கோடியைத் தாண்டுகிறது. "பாதியாகிவிட்டதே" என்ற நண்பர் இந்தக் கணக்கையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கட்டும்.

இன்னொன்றும் அவருக்குச் சொல்வேன். 1972இல் பேஜும் பிளாண்டும் பம்பாய்க்கு வந்து, நம் நாட்டுக் கலைஞர்களோடு இரண்டு பாட்டுகளை மறுபடி பதிந்தார்கள். அவற்றுள் ஒன்று, ஏச்சு வாங்கிய அந்த மூன்றாவது தட்டிலுள்ள 'ஃபிரெண்ட்ஸ்'. 2015இல்தான் அப்பதிவு முறையாக வெளிவந்தது. நூலகத்துக்குப் பின்னால் என் அறை; இரவு ஒன்பதுக்கு மேல் வந்தால் கேட்கலாம்.