மார்கழியின் மறுபக்கம்

மார்கழி பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் ஊர்நினைவு மிகும். சென்னையில் சபைகள்தோறும் கச்சேரி நடக்க, நாமோ இங்கே மூடுபனியில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு கைப்பேசியில் அதனைக் கேட்டு மனம் ஆறுகிறோம். அதே மாதத்தில், சபைகளின் கண்ணுக்குப் புறத்தே வளர்ந்துவரும் மற்றோர் இசைவிழாவைப் பற்றி இம்முறை எழுத விரும்புகிறேன். அதற்கு நம் சங்கத்தைச் சார்ந்த காரணம் ஒன்று உண்டு, பின்னர்ச் சொல்வேன்.

சபைகளின் மார்கழி தொன்றுதொட்ட வழக்கம் என்று எண்ணுவோர் நம்மில் பலர். அஃது அத்துணைப் பழமையானதன்று. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது அதனையொட்டி ஓர் இசை மாநாடு நடைபெற்றது. அதன் பயனாக 1928-இல் மியூசிக் அகாடமி தோன்றியது. பின்னர், மேடைகளில் தமிழ்ப்பாட்டுக்கு உரிய இடமில்லை என்ற குறையைப் போக்க, அண்ணாமலை அரசர் முதலியோர் 1943-இல் தமிழ் இசைச் சங்கத்தை நிறுவினர். அன்று அதனை எதிர்த்தவர்களுள் பெரிய வித்துவான்களும் இருந்தனர். இன்று அவ்வெதிர்ப்பை நினைவிற் கொண்டிருப்போர் எத்தனை பேர்?

மொழிக்கு இடம் கிடைத்தது. மக்கள் எல்லார்க்கும் கிடைத்ததா என்பது அடுத்த கேள்வி. பெசன்ட் நகரை அடுத்துள்ள ஊரூர் ஆல்காட் குப்பம் என்னும் மீனவர் ஊரில், 2015-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பாடகர் டி. எம். கிருஷ்ணா, சூழலியல் எழுத்தாளர் நித்யானந்த் ஜெயராமன் ஆகியோரும் அவ்வூர் மக்களும் கூடி ஒரு கலைவிழா எடுத்தனர். கருநாடக இசையும் பறையாட்டமும் ஒரே விழாவில் இடம்பெற்றன. அவ்வாண்டிலேயே, டிசம்பர் மாதத்துச் சபைக் கச்சேரிகளில் இனிப் பாடுவதில்லை எனக் கிருஷ்ணா அறிவித்தார். நல்ல முயற்சிதான். ஆயினும் அதில் சபையைச் சார்ந்தவர் குப்பத்துக்கு விருந்தாளியாக வந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. விருந்தாளி எவ்வளவு பண்புடையவராயினும் விருந்தாளியே.

தமக்கென மேடை கட்டிக்கொண்டோர் கதை வேறு. 2018 ஜனவரி 6-ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழு முதன்முறையாக மேடையேறியது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. பெயர், சாதிபேதமற்றோர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் கருத்தைத் தழுவியது. பறையும் சட்டியும் ஒருபுறம், கிதார் ஒருபுறம், நடுவே கானா. கானாவைச் சினிமாப் பாட்டின் ஒரு வகை என்று நம் பிள்ளைகள் எண்ணுகின்றனர். அது வடசென்னையின் உழைப்பாளர் குடியிருப்புகளிற் பிறந்தது. சாவு வீட்டில் இரவெல்லாம் விழித்திருந்து பாடப்பட்டது. துக்கத்தையும் கேலியையும் ஒரே மூச்சில் சொல்லவல்லது.

அதே மையம் 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' என்ற விழாவைத் தொடங்கியது. ஒப்பாரி, கானா, பறை, நாட்டுப்பாடல் முதலியன மார்கழி மேடைக்கு வந்தன. மறு ஆண்டில் சென்னையோடு மதுரை, கோவை நகரங்களும் சேர்ந்தன. 2023-இல் அவ்விழா கோலார் தங்கவயலுக்கும் சென்றது என்பதே என்னை மிகவும் கவர்ந்த செய்தி. தங்கவயல் நம் போன்றோர் ஊர். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால்வைத்த காலந்தொட்டு, வட ஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் குடும்பம் குடும்பமாகச் சென்று, நாளடைவில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இறங்கிப் பொன் எடுத்தனர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. மக்கள் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. பலர் நாள்தோறும் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்குப் பிழைப்புக்குச் சென்று திரும்புகின்றனர். அத்தகைய ஊரில், தம் பாட்டன்மார் அடித்த பறையை மார்கழி விழாவில் கேட்பது என்ன உணர்ச்சியைத் தரும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி நம் காரணத்துக்கு வருகிறேன். நம் பொங்கல் விழாவில் ஆண்டுதோறும் கீர்த்தனையும் பரதமும் பட்டிமன்றமும் மேடையேறுகின்றன. பறையும் வருகிறது, ஆனால் தலைவரை வரவேற்க வாயிலில் கால் மணி நேரம் ஒலித்துவிட்டு, மேடை நிகழ்ச்சி தொடங்கியதும் ஓய்ந்துவிடுகிறது. சென்ற ஆண்டு ஓர் அன்பர் இதனை மாற்றலாம் என்றபோது, "பறை சாவுக்கு அடிப்பது, மங்கல மேடைக்கு ஆகாது" என்ற விடை வந்தது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் சேர்த்திருக்கிறது. மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இவற்றைச் சொல்லி வாதிடலாம். விருது வந்த பின்னர் மதிப்பதில் பெருமை அதிகமில்லை என்பது என் எண்ணம்.

நான் கவலைகொள்வது வேறொன்றுக்கு. வாயிலில் பறை அடிப்பவர் லோகோ ஷெட்டில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர். என் குடியிருப்புக்கு இரண்டு வரிசை தள்ளி வாழ்பவர். அவருடைய பேரன், தாத்தா பறை அடிக்கும் செய்தி பள்ளித் தோழர்க்குத் தெரியக்கூடாது என்று வாயிலுக்கே வருவதில்லை. அதே சிறுவன், மேடையில் நம் பெண்கள் ஆடும்போது முதல் வரிசையில் அமர்ந்து கைதட்டுகிறான்.

விழாக்குழு இம்மாதம் இரண்டாம் ஞாயிறு மாலை கூடுகிறது. மேடையிலே அரைமணி நேரம் பறைக்கு ஒதுக்க வேண்டும் என்று நான் கோரப்போகிறேன். உடன்படும் அன்பர்கள் தவறாது வருக. ஒரு சிக்கல் உண்டு. தோலை நெருப்பில் காய்ச்சி விறைப்பேற்றாமல் பறை ஒலிக்காது. இவ்வூர்ப் பனியில் அடிக்கடி காய்ச்ச நேரும். மண்டபத்தில் நெருப்பு மூட்ட இசைவு தரமாட்டார்கள். ஆகவே விழா திறந்தவெளியில் நடப்பதே பொருத்தம். வைக்கோல் இங்கே எளிதிற் கிடையாது. பழைய செய்தித்தாளும் சருகும் போதும் என்று பெரியவர் கூறுகிறார். குடியிருப்புக்குப் பின்னுள்ள மைதானம் இரயில்வேயினுடையது. அதற்கு விண்ணப்பம் எழுதும் வேலையை என்னிடம் விட்டுவிடுங்கள்.