மறைத்து வளர்க்கும் கிளிக்கு மருத்துவம் ஏது?

இறகு பிடுங்கும் கிளியைக் கொண்டுவந்தால் நான் முதலில் பார்ப்பது அதன் தலையை. நெஞ்சு மொட்டையாக இருக்கும், தொடை மொட்டையாக இருக்கும், சிறகின் அடிப்பக்கம் தோல் சிவந்து புண்ணாகியிருக்கும். தலை மட்டும் பச்சை மாறாமல் பளபளவென்று இருக்கும். கிளியின் அலகு அதன் தலைக்கு எட்டாது, அதனால் தலை தப்பிக்கிறது. தலையிலும் இறகு போயிருந்தால், கூண்டில் கூட இருக்கும் பறவை பிடுங்குகிறதா, அலகையும் இறகையும் சேர்த்துத் தாக்கும் வைரஸ் வந்திருக்கிறதா என்று யோசிப்பேன். தலை முழுசாக இருந்து உடம்பு மொட்டையாகியிருந்தால், பிடுங்கியது அந்தக் கிளியேதான்.

நான் கால்நடை மருத்துவர். பிறந்ததும் கிளினிக் வைத்திருப்பதும் பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில்தான். பின்னி மில், மினர்வா மில், ராஜா மில் என்று ஷிப்டுக்கு ஆட்கள் கிளம்பிப்போன பகுதி இது. என் சிறுவயதில் லைன் வீடுகளின் வாசலில் கோலமும் தண்ணீர்க் குடமும் இருக்கிற மாதிரி கிளிக்கூண்டும் இருக்கும். இன்றைக்கு மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி எந்தச் சந்துக்குள் நடந்தாலும் வாசலில் கூண்டைப் பார்க்க முடியாது. கிளிகள் போய்விடவில்லை. கூண்டுகள் உள்ளே போய்விட்டன: சமையலறை மூலைக்கு, குளியலறைக்கு மேலுள்ள பரணுக்கு, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கத்துக்கு. எல்லாம் சட்டத்துக்குப் பயந்து. அந்தப் பயம் இதுவரை ஒரு கிளியையும் காப்பாற்றியதாக நான் பார்க்கவில்லை. இருட்டில் தனியாக உட்கார்ந்து தன் இறகைத் தானே பிடுங்கும் கிளிகளைத்தான் பார்க்கிறேன்.

சட்டம் சரியானது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுப் பச்சைக்கிளியையோ, தோளில் சிவப்புத் திட்டுள்ள அலெக்சாண்டிரைன் கிளியையோ வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உள்நாட்டுப் பறவை வியாபாரம் 1990-91 முதலே தடை. 2022-இல் திருத்தப்பட்ட சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, நான்காம் அட்டவணையில் இருந்த பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணைக்கு ஏறியது. அந்தச் சமயத்தில், 2023 பிப்ரவரியில், சென்னையில் நடிகர் ரோபோ சங்கர் வீட்டிலிருந்து இரண்டு அலெக்சாண்டிரைன் கிளிகளை வனத்துறை எடுத்துச் சென்றது. அபராதம் இரண்டரை லட்சம் ரூபாய். அந்தச் செய்தி எங்கள் பகுதிக்கும் வந்து சேர்ந்தது. வாசலில் மிச்சமிருந்த ஒன்றிரண்டு கூண்டுகளும் அதற்குப் பிறகு கண்ணில் படவில்லை.

இந்தச் சட்டம் ஏன் வேண்டும் என்பதற்கு மரப்பொந்தைப் பார்த்தால் போதும். தை பிறந்தால் பச்சைக்கிளி பொந்தில் மூன்று, நான்கு முட்டை இடும். குஞ்சு பொரிக்க மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். பொரித்த குஞ்சு பொந்தைவிட்டுப் பறக்க இன்னும் ஆறேழு வாரம். அந்த இடைவெளியில், பாதி இறகு முளைத்த நிலையில், பொந்துக்குள் கைவிட்டு மொத்தக் குஞ்சுகளையும் எடுத்துவிடுகிறார்கள். சில குஞ்சுகளின் தோளில் சிவப்புச் சாயம் பூசி அலெக்சாண்டிரைன் என்று விலை கூட்டி விற்கிறார்கள். சந்தைக்கு வரும் வழியிலேயே பல செத்துப்போகின்றன. பிழைத்தவை தாய் ஊட்டாத தீனியைத் தின்று, தன் இனத்தின் குரலே கேட்காமல் ஒரு கூண்டில் வளர்கின்றன. இறகு பிடுங்கும் பழக்கத்துக்கு விதை அங்கேயே விழுந்துவிடுகிறது.

ஒரு பாட்டி கிளினிக் மூடும் நேரம் பார்த்து வந்தார். அவரிடம் சொல்லிவிட்டு, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன். ஒயர் கூடை, அதன்மேல் பழைய துண்டு. துண்டை விலக்கினால் பச்சைக்கிளி. கழுத்துக்குக் கீழே உரித்த கோழி போல இருந்தது. கூடையின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கவர். கூண்டில் கொட்டிக் கிடந்த இறகுகளை எல்லாம் பொறுக்கி அதில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். எனக்கு அந்தக் கவர் பெரிய உதவி. தானாக உதிர்ந்த இறகு அடிவரை வழுவழுப்பாக முழுசாக இருக்கும். இதில் பாதி இறகுகள் நடுத்தண்டில் மென்று நசுக்கப்பட்டிருந்தன. சிலவற்றின் அடியில் காய்ந்த ரத்தம். அப்போதுதான் முளைக்கும் இறகுக்குள் ரத்தம் ஓடும். அதைக்கூட விடாமல் பிடுங்கியிருக்கிறது.

“தேங்காய் எண்ணெயில மஞ்சள் கொழைச்சுத் தடவினேன் டாக்டரம்மா. அப்புறமும் பிடுங்குது.”

“எப்ப இருந்து பாட்டி?”

“பேரன் வேலைக்கு ஓசூர் போனதுல இருந்து.”

எண்ணெய் தடவினால் இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், உடம்புச் சூடு நிற்காது. கிளி அதைத் துடைக்கப் பார்த்து இன்னும் அதிகமாகக் கொத்தும். தயவுசெய்து யாரும் எண்ணெய் தடவாதீர்கள். மேற்கொண்டு விசாரித்தேன். தீனி சூரியகாந்தி விதை மட்டும். கூண்டு துத்தநாகம் பூசிய கம்பிக் கூண்டு, பூச்சு உரிந்திருந்தது. இடம் குளியலறைக்கு மேலே பரண். அதையொட்டிய கூடத்தில் டிவி இரவு 11 மணிக்கு மேலும் ஓடும். பேரன் இருந்தவரை காலையில் அவன் தோளில் உட்கார்ந்து தட்டிலிருந்து இட்லி தின்னுமாம். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கூடைக்குள்ளிருந்து, “சாப்டியா?” என்றது. உடனே கன்னடத்திலும், “ஊட்டா ஆய்தா?” என்றது. பேரன் இரண்டு மொழியும் கற்றுக்கொடுத்திருக்கிறான்.

இறகு பிடுங்குவதற்கு உடம்புக் காரணம் இருக்கலாம், அதை முதலில் தேட வேண்டும். எச்சத்தைச் சோதிக்க வேண்டும். காக்கட்டீல் பறவைகளில் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி அரிப்பை உண்டாக்கும். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நிலை தெரியும். கம்பியைக் கடித்துக் கடித்துத் துத்தநாகமோ ஈயமோ வயிற்றுக்குள் போயிருந்தால் எக்ஸ்ரேயும் ரத்தமும் காட்டிக்கொடுக்கும். விதை மட்டும் தின்னும் கிளிக்கு வைட்டமின் ஏ குறைந்து தோல் வறளும். சாம்பிராணி, ஊதுபத்தி, பீடிப் புகை எல்லாம் அந்தத் தோலையும் மூச்சையும் மேலும் கெடுக்கும். பெங்களூருவில் மாசி, பங்குனியில் காற்று எப்படிக் காய்ந்துபோகும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். நம் உதடு வெடிக்கும் நாட்களில் கிளியின் தோல் சும்மா இருக்குமா?

இவை எதுவுமே இல்லாமலும் பிடுங்கும் கிளிகள் நிறைய. அவற்றின் நோய், செய்ய வேலை இல்லாதது. காட்டில் வாழும் போர்ட்டோ ரிக்கோ அமேசான் கிளி ஒரு நாளில் 4 முதல் 6 மணி நேரம் இரை தேடுவதிலேயே கழிக்கிறது. கூண்டில் உள்ள கிளி கிண்ணத்தில் போட்ட தீனியைத் தின்று முடிக்க ஒரு மணி நேரம் போதும். மிச்ச நேரம் முழுக்க அந்த அலகு என்ன செய்யும்? கொட்டையை உடைக்க, பட்டையை உரிக்க, பொந்தைக் குடைய வளர்ந்த அலகு அது. கைக்கு எட்டியது தன் உடம்புதான் என்றால் அதை உரிக்கிறது.

இது வெறும் என் அனுமானம் இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஜாய் மென்ச் குழுவினர் இளம் அமேசான் கிளிகளை இரண்டாகப் பிரித்து 48 வாரம் கவனித்தார்கள். ஒரு பகுதிக்குத் தீனியைத் தேடி, திறந்து, உரித்து எடுக்கும்படி கூண்டை அமைத்தார்கள். மறு பகுதிக்கு வெறும் கூண்டும் கிண்ணமும். வெறும் கூண்டில் இருந்தவை இறகு பிடுங்கத் தொடங்கின. பிறகு அவற்றுக்கும் அதே வசதியைச் செய்துகொடுத்ததும் இறகின் நிலை தேறியது. 2003-இல் வெளியான ஆய்வு இது. 2021-இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐம்பது வகைக் கிளிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காட்டில் எந்த இனம் இரையை உடைக்கவும் உரிக்கவும் அதிகம் பாடுபடுகிறதோ, அந்த இனம்தான் கூண்டில் இறகை அதிகம் சேதப்படுத்துகிறது என்று கண்டார்கள்.

ஆகவே நான் எழுதிக்கொடுக்கும் சீட்டில் பாதி, கடையில் கிடைக்காத மருந்து. நிலக்கடலையை ஓட்டோடு கொடுங்கள். சோளக்கதிரை மேல்தோலோடு தொங்கவிடுங்கள். கோவைப்பழம், முருங்கைக்கீரை, கொய்யா கொடுங்கள். மிளகாய் கொடுத்தால் கிளிக்கு நாக்கு எரியாது, பறவைகளுக்கு அந்தக் காரம் உறைக்காது. அதில் வைட்டமின் ஏ-க்கு வேண்டியதும் இருக்கிறது. மருந்தடிக்காத வேப்பங்கிளையையும் கொய்யாக் கிளையையும் பட்டையோடு கூண்டில் கட்டுங்கள், அது உரித்துத் தள்ளட்டும். தினமும் காலையில் தண்ணீரைப் பனி மாதிரி தெளியுங்கள். மாலை 7 மணிக்கு மேல் கூண்டை இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். கிளிக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். பகலில் ஆள் நடமாடும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள், ஆனால் முதுகுப் பக்கம் ஒரு சுவர் இருக்கட்டும். பிடுங்கும்போது ஓடிவந்து அதட்டாதீர்கள். தனியாகக் கிடக்கும் பறவைக்கு அதட்டலும் ஒரு துணைதான். துணை வேண்டும்போதெல்லாம் பிடுங்கக் கற்றுக்கொள்ளும். ரத்தக் காயம் இருந்தாலொழிய கழுத்துக்கு வளையம் போட நான் விரும்புவதில்லை. அது அலகைத் தடுக்கும், காரணத்தை அப்படியே விட்டுவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், சீக்கிரம் வருவது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிடுங்கினால் இறகு முளைக்கும் குழி செத்துப்போகும். அதன் பிறகு எந்த மருத்துவராலும் அங்கே இறகை வரவழைக்க முடியாது. பாட்டியின் கிளிக்கு வயிற்றிலும் தொடையிலும் புது முளை வந்திருக்கிறது. நெஞ்சில் வரவில்லை, வரும் என்றும் நான் நினைக்கவில்லை.

என்னை உறுத்துவது இந்தத் தாமதம்தான். இதே கிளினிக்குக்கு ராஜாஜிநகரிலிருந்தும் மல்லேஸ்வரத்திலிருந்தும் ஆப்பிரிக்கன் கிரே கிளிகள் வருகின்றன. இறகு பிடுங்குவதில் பேர்போன இனம் அது. நான்கு இறகு கீழே விழுந்ததுமே கொண்டுவந்துவிடுகிறார்கள். மறைக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் தாங்களாக முன்வந்து தெரிவித்தால் ஆவணம் கேட்கமாட்டோம் என்று மத்திய அரசு 2020-இல் ஆறு மாத அவகாசம் கொடுத்தது. 2024 பிப்ரவரியில் பதிவு விதிகள் வந்தபோது, பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய மறுபடி ஆறு மாதம் கொடுத்தது. நம் பச்சைக்கிளியை வைத்திருக்கும் பாட்டிக்கு அப்படி எந்தக் கதவும் திறக்கவில்லை. வைத்திருக்கும் உயிரினத்தை ஒப்படைக்க 2022 திருத்தம் ஒரு வழி வைத்திருக்கிறது, உரிமைச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு. பச்சைக்கிளி வைத்திருப்பவரிடம் எந்தச் சான்றிதழ் இருக்கும்?

கிளியை வனத்துறையிடமோ, கெங்கேரியில் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் நடத்தும் வனவிலங்கு மருத்துவமனையிடமோ ஒப்படைப்பதுதான் சரி என்று பாட்டியிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. “கேஸ் போடமாட்டாங்கன்னு எழுதித் தருவீங்களா டாக்டரம்மா?” என்று மட்டும் கேட்டார். அதை எழுதித்தர எனக்கு அதிகாரம் இல்லை. கர்நாடக வனத்துறைக்கு இருக்கிறது.

2023-இல் மதுரையில், வீட்டில் வளர்க்கும் கிளிகளைத் தாமாக முன்வந்து ஒப்படைக்கும்படி வனத்துறை கேட்டபோது மக்கள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பெங்களூருவிலும் அதைச் செய்யலாம். மூன்று மாத அவகாசம், ஒப்படைப்பவர்மேல் வழக்கில்லை என்ற உறுதி, வார்டு அளவில் ஒரு நாள் முகாம், அதில் பறவை தெரிந்த ஒரு மருத்துவர். அறிவிப்பு கன்னடத்தில் மட்டும் இல்லாமல் தமிழிலும் உருதுவிலும் இருக்கட்டும். பறக்கத் தெரிந்தவற்றைப் பழக்கி மரத்துக்கு அனுப்பலாம். பறக்க முடியாதவற்றை அதே இனத்தோடு பெரிய பறவைக்கூடத்தில் விடலாம். மன்னிப்பு கொடுத்தால் மறுபடி வாங்குவார்களே என்று சில அதிகாரிகள் கேட்கக்கூடும். வாங்குவதைத் தடுக்க வேண்டிய இடம் சந்தை. குஞ்சு விற்கிறவர்மேல் வழக்குப் போடுங்கள், முழுத் தண்டனை வாங்கிக்கொடுங்கள். பத்து வருடமாக ஒரு கிளிக்கு ஊட்டி வளர்த்தவரையும் பொந்திலிருந்து குஞ்சைப் பிடுங்கியவரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால், நஷ்டம் கிளிக்குத்தான்.

வாசகர்களிடம் இரண்டு வேண்டுகோள். வீட்டில் கிளி இருந்து, அதன் நெஞ்சில் தோல் தெரிய ஆரம்பித்திருந்தால் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். திறந்துவிட்டால் பறந்துபோகும் என்று மட்டும் நினைக்காதீர்கள். இறகில்லாத கிளியைக் காக்கை விடாது. மாசி, பங்குனியில் அட்டைப்பெட்டியில் கிளிக்குஞ்சு விற்க வருவார்கள். எவ்வளவு கெஞ்சினாலும், எவ்வளவு விலை குறைத்தாலும், குழந்தை எவ்வளவு அழுதாலும் வாங்காதீர்கள்.