ஐந்தாவது கியரும் அசல் பக்தர்களும்

சென்ற ஆடி மாதம், சங்கரன்கோவிலில் தபசுக் காட்சி முடிந்த மறுநாள், ஒரு பெரிய மனிதரோடு நான் சண்டை போட வேண்டியதாயிற்று. சண்டை ஒரு கியர் பெட்டியைப் பற்றி. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கியர் பெட்டியில் என்ன ஜோலி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சண்டை கியர் பெட்டியோடு நிற்கவில்லையே! அதனால்தான் உங்களிடம் முறையிட வந்திருக்கிறேன்.

அந்த ஊரில் விசைத்தறிக் கூடம் வைத்திருக்கும் என் பழைய சிநேகிதர் ஒருவரிடம் எம்.ஜி.ஏ. என்னும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. இரண்டு பேர்தான் உட்காரலாம். மூன்றாவது ஆளுக்கு இடமில்லை, ஒரு வாழைத்தாருக்குக்கூட இடமில்லை. 1955 முதல் 1962 வரை இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் இதைச் செய்தார்கள். நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கொட்டகையில், கோழிகள் குடியிருந்த நிலையில், இதை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார் சிநேகிதர். ஆறு வருஷம் பாடுபட்டார். உளுத்துப் போன தரைப் பலகைகளை மாற்றினார். என்ஜினைக் கழற்றிப் பூட்டினார். தோல் மெத்தை, வர்ணம் எல்லாம் ஆயிற்று. கடைசியில் கியர் பெட்டியில் வந்து வண்டி நின்றது.

கார் ஓட்டாதவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இந்தக் காருக்கு நாலு கியர். நாலாவதில் என்ஜின் ஒரு சுற்றுச் சுற்றினால், பின்சக்கரத்துக்குப் போகும் தண்டும் ஒரு சுற்றுச் சுற்றும். அந்தக் கணக்கில் மணிக்கு நூறு கிலோமீட்டர் போனால் என்ஜின் நிமிஷத்துக்கு 3,600 சுற்றுக்கு மேல் அலற வேண்டும். 1955-ஆம் வருஷத்து இங்கிலாந்துச் சாலைக்கு அது போதும். கோவில்பட்டியில் போய் நாலு வழிச் சாலையில் ஏறுகிறவனுக்கு அது தலைவலி. ஐந்தாவது கியர் ஒன்று இருந்தால், அதே வேகத்துக்கு 3,000 சுற்று போதும். ஒரு மணி நேரத்தில் சுமார் 36,000 சுற்று மிச்சம்! கிழட்டு என்ஜினுக்கு இதைவிடப் பெரிய வைத்தியம் கிடையாது. இன்னொன்றும் உண்டு. பற்கள் உரசாமல் கியர் விழச் செய்யும் உபாயத்தை அமெரிக்காவில் காடிலாக் கம்பெனி 1928-லேயே கொண்டுவந்துவிட்டது. ஆனால் எம்.ஜி.ஏ.யின் முதல் கியருக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. வண்டி அடியோடு நின்றால்தான் விழும். அவசரப்பட்டால் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி சத்தம் வரும்.

இங்கிலாந்துக்காரர்கள் ஃபோர்டு சியராவின் ஐந்து கியர் பெட்டியை எடுத்து இந்த மாதிரிக் கார்களில் பூட்டிக்கொள்கிறார்கள். அதற்கான சாமான்கள் அங்கே கடையிலேயே விற்கின்றன. நம் ஊருக்குச் சியரா வரவில்லை. ஆனால் 1990-களின் ஆரம்பத்தில் நம் அம்பாஸிடருக்கு ஜப்பானிய இஸுஸு என்ஜினும் ஐந்து கியரும் வைத்தார்கள், நினைவிருக்கிறதா? அந்தப் பெட்டி ஒன்றைப் பழைய சாமான் கடையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தினார் ஊர் மெக்கானிக். எட்டாவது வரை படித்தவர். பகலில் தறி ரிப்பேர், இரவில் கார்.

"அண்ணாச்சி, வண்டி ஓடணுமா, பாத்துக்கிட்டு இருக்கணுமா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

"ஓடணும்" என்றார் சிநேகிதர்.

இந்த இடத்தில்தான் பெரிய மனிதர் வந்து சேர்ந்தார். சென்னைக்காரர். பதினோரு பழைய கார்கள் வைத்திருக்கிறார். தபசு பார்க்க வந்தவர், கேள்விப்பட்டுத் தறிக் கூடத்துக்கும் வந்தார். காரைச் சுற்றி வந்து கை கூப்பாத குறைதான். பிறகு பெஞ்சின்மேல் இருந்த இஸுஸு பெட்டியைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. தீட்டு என்று வாய் சொல்லவில்லை, மூக்கு சொல்லிற்று.

"அசல் போச்சு ஸார்! இனிமேல் இது எம்.ஜி.யே இல்லை. கலப்படம்" என்றார்.

எந்த ஊரில் நின்றுகொண்டு இதைச் சொன்னார் என்று பாருங்கள். சிவன் பெரியவனா, திருமால் பெரியவனா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகராஜாக்கள் சண்டை போட்டார்களாம். கோமதியம்மன் ஊசி முனையில் தவமிருந்து, வலப்பாதி சிவனும் இடப்பாதி ஹரியுமாக ஒரே மேனியில் காட்சி வாங்கினாளாம். தலபுராணம் சொல்கிறது. முதல் நாள்தான் லட்சம் ஜனங்களோடு நின்று அந்தக் காட்சிக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர் அவர். மறுநாள் காலையில் கலப்பு ஆகாது என்கிறார்!

இருக்கட்டும், புராணத்தை விடுவோம். இந்தக் காரின் குலம் கோத்திரத்தைத்தான் பார்ப்போமே. எம்.ஜி. என்றால் மோரிஸ் காரேஜ். ஆக்ஸ்போர்டில் கார் விற்ற கடை. அதன் மானேஜர் செஸில் கிம்பர் 1920-களில் சாதாரண மோரிஸ் கார்களை எடுத்து, வேறு உடம்பு பூட்டி, கொஞ்சம் முறுக்கேற்றி விற்க ஆரம்பித்தார். அதுதான் எம்.ஜி.யின் பிறப்பு. பிறந்ததே கலப்பில்! எம்.ஜி.ஏ.யின் 1,489 கன சென்டிமீட்டர் என்ஜின், குடும்பஸ்தர்கள் ஓட்டிய ஆஸ்டின், மோரிஸ் கார்களுக்காகச் செய்த ஜாதி. கியர் பெட்டியும் அந்தக் குடும்பத்துச் சரக்கே. அதே 1,489 என்ஜின்தான் நம் அம்பாஸிடரிலும் வெகுகாலம் ஓடிற்று. கல்கத்தா டாக்ஸிக்கும் இந்த ராஜகுமாரிக்கும் வயிற்றில் ஒரே குடல். அம்பாஸிடர் வீட்டிலிருந்து இன்னொரு பெட்டி வந்தால் அது சம்பந்தி வீட்டுச் சீர். அந்நியம் எங்கே வந்தது?

இதை நான் சொன்னதும் அவர் சிரித்துக்கொண்டே, "அப்படி மாற்றத்தான் வேண்டுமென்றால் இங்கிலாந்திலிருந்து முழு செட்டாக வரவழைத்திருக்கலாமே. இங்கே லேத்தில் கடைந்து பூட்டுகிற வேலை எல்லாம்..." என்று இழுத்தார்.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. வண்டியில் டயர் புதிது, தோல் புதிது, வர்ணம் புதிது, பலகை புதிது. ஒன்றுக்கும் அவர் ஆட்சேபம் சொல்லவில்லை. பெட்டியை மாற்றினதுகூட மன்னிக்கக் கூடியதுதான், மரப்பெட்டியில் சீமை முத்திரையோடு வந்திருந்தால்! தறி ரிப்பேர் பார்க்கிற கை அதைத் தொட்டதுதான் குற்றம். அசல், அசல் என்று இவர்கள் பூஜிப்பது எதை என்று அந்த நிமிஷத்தில் எனக்கு விளங்கிவிட்டது.

அந்தக் கை என்ன செய்தது என்று அவர் பத்து நிமிஷம் நின்று பார்த்திருக்கலாம். என்ஜினின் பின்முகத்துத் துளைகள் ஒரு கணக்கு. ஜப்பானியப் பெட்டியின் முன்முகம் வேறு கணக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு கனத்த அலுமினியத் தட்டைக் கடைந்து பொருத்த வேண்டும். தட்டு வெறும் தட்டாக இருந்தால் போதாது. என்ஜின் தண்டின் மத்தியும் பெட்டித் தண்டின் மத்தியும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கு மேல் விலகினால், இன்றைக்கு ஓடும், ஆறு மாதத்தில் பேரிங்கும் கிளட்சும் போய்விடும். மெக்கானிக் டயல் கேஜை வைத்து, கையால் என்ஜினை மெள்ளச் சுற்றிச் சுற்றி முள்ளைப் பார்த்தார். முதல் தட்டைத் தூக்கி மூலையில் போட்டார். இரண்டாவதையும் போட்டார். மூன்றாவது தட்டில்தான் முள் அடங்கிற்று. தண்டின் நுனி போய் உட்கார வெண்கலப் புஷ் ஒன்று கடைந்தார். கிளட்ச் பிளேட்டுக்குப் பழைய அளவு வட்டம், புதிய தண்டின் வரிப்பள்ளத்துக்கேற்ற நடுப்பாகம். பின்னால் போகும் நீளத் தண்டைக் குறுக்கி, சமன் பார்க்க மட்டும் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாமலிருக்க ஒரு குட்டிப் பல்சக்கரம். அவர் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். ஒரு பக்கம் தறிக்கு நாடா வாங்கின கணக்கு, எதிர்ப்பக்கம் இந்தத் தட்டின் படம்.

கோயம்புத்தூர் என்றதும் ஜி.டி. நாயுடு ஞாபகம் வருகிறது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸோடு ஆரம்பித்த மனிதர். யந்திரத்தைக் கண்டால் பிரித்துப் பார்க்காமல் விடாதவர். அவரைப் பாராட்டிப் பேசாத மேடை இல்லை. அதே காரியத்தைச் சங்கரன்கோவில் சந்தில் ஒருவர் செய்தால் கலப்படம்!

சட்டம் இருக்கிறதே என்று கடைசி அஸ்திரத்தையும் விட்டுப் பார்த்தார் பெரிய மனிதர். இருக்கிறதுதான். 2021 ஜூலையில் மத்திய அரசு, ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு என்று தனி விதி செய்தது. 20,000 ரூபாய் கட்டினால் பத்து வருஷத்துக்குத் தனிப் பதிவு. நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சட்டம், உடற்கூடு, என்ஜின் இவற்றில் மாறுதல் கூடாது என்கிறது விதி. கியர் பெட்டியை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை என்பதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். அதைவிட எனக்கு வேடிக்கையாகப் பட்டது வேறொன்று. இப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல், ரிப்பேர் இவற்றுக்குத்தான் வெளியே வரலாம். சிநேகிதர் அந்தப் பதிவுக்கே போகப் போவதில்லை. மனைவியை உட்கார வைத்துப் பூ வாங்கப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்குச் சாதாரணப் பதிவு போதும். பெட்டி மாறின விஷயத்தை அதிகாரியிடம் எழுதியே கொடுத்துவிட்டார்.

ஒரு விஷயத்தில் பெரிய மனிதரோடு எனக்குச் சம்மதம் உண்டு. உலகத்தில் ஒன்றோ இரண்டோ மிஞ்சியிருக்கும் வண்டியானால் ஸ்க்ரூவைக்கூடத் தொடக் கூடாது. கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்க வேண்டியதுதான். எம்.ஜி.ஏ. ஒரு லட்சத்துக்கு மேல் செய்த வண்டி. அப்படியும் எங்கள் மெக்கானிக் சட்டத்தில் ஒரு துளைகூடப் புதிதாகப் போடவில்லை. பழைய நாலு கியர் பெட்டியைத் துடைத்து, எண்ணெய் தடவி, வெள்ளைத் துணியில் சுற்றி, பலகைப் பெட்டியில் வைத்து, தறிக் கூடத்துப் பரண்மேல் ஏற்றியிருக்கிறார். நாளைக்கு யாருக்காவது அசல் வேண்டுமானால் இரண்டு நாள் வேலை.

பெரிய மனிதர் மத்தியான ரயிலுக்குப் போய்விட்டார். மறுநாள் விடிவதற்கு முன் காரை எடுத்தோம். இரண்டு பேர் வண்டியாதலால் நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் போனேன். கோவில்பட்டி தாண்டி நாலு வழிச் சாலையில் ஏறியதும் சிநேகிதர் ஐந்தாவதைப் போட்டார். என்ஜின் சத்தம் சட்டென்று இறங்கியது எனக்கே கேட்டது. டீக்கடையில் நிறுத்தினார்கள். சிநேகிதருக்குப் பேச்சு வரவில்லை. மெக்கானிக் மட்டும் சந்தோஷமில்லாமல் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"நாலுலேருந்து அஞ்சுக்குப் போறப்ப ஒரு சின்ன முனகல் இருக்கு, அண்ணாச்சி. சாயந்திரம் எறக்கிப் பாத்துருதேன்" என்றார்.