இடியாத வீட்டுக்கும் இழப்புண்டு: தெல்தெனிய மூத்தோரின் காப்புறுதிக் கோரிக்கை மனு

பெறுநர்: கண்டி மாவட்டச் செயலாளர், மெததும்பர பிரதேச செயலாளர்

பிரதிகள்: இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம், முதியோருக்கான தேசிய செயலகம்

மனுதாரர்: தெல்தெனியவையும் சூழவுள்ள தோட்டங்களையும் சேர்ந்த மூத்த குடியிருப்பாளர் சங்கம்

பொருள்: டித்வா சூறாவளிக்குப் பின்னர் 60 வயதைக் கடந்தோரின் காப்புறுதி, இழப்பீட்டு விவகாரங்கள்



2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டித்வா சூறாவளி காற்றால் செய்த சேதத்தைவிட மழையால் செய்த சேதமே பெரிது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மாவட்டங்களில் மிக அதிகமானோரைப் பறிகொடுத்தது கண்டி. நீரில் ஊறிக் கனத்த மலைச்சரிவுகள் வீடுகளையும் இழுத்துக்கொண்டு இறங்கின. டிசம்பரில் அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது: வீட்டைத் துப்புரவு செய்ய 25,000 ரூபா, வீட்டுப் பொருள்களுக்கு 50,000 ரூபா, முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபா வரை. மனுதாரர்கள் இதை நன்றியுடன் வரவேற்கின்றனர். ஆயினும் நிவாரணம் வேறு, காப்புறுதி வேறு. பத்திரம், படிவம், மதிப்பீடு, கையொப்பம் என்று நீளும் இரண்டாவது பாதையில்தான் மூத்தோர் தடுமாறுகின்றனர்.

தெல்தெனியவின் மூத்தோருக்கு இடம்பெயர்வு புதிதல்ல. 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. இன்றைய நகரம் அதற்குப் பின் எழுந்தது. அன்று முப்பது வயதில் மூட்டை கட்டியவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். சிலரிடம் காணி உறுதி இருக்கிறது. சிலரிடம் அனுமதிப்பத்திரம் மட்டுமே. சிலரது காணி இன்னும் இறந்துபோன தகப்பன் பெயரில் கிடக்கிறது. ரங்கல, ஹுன்னஸ்கிரியப் பக்கத் தோட்டங்களில் ஓய்வுபெற்றவர்களோ சொந்தமில்லாத லயன் காம்பராக்களில் வாழ்கின்றனர். வங்கிக் கடனுக்காக எடுத்த வீட்டுக் காப்புறுதி கடன் முடிந்ததும் முடிந்துபோவது வழக்கம்; உழைக்கும் வயது போனபின் அதைத் தம் பணத்தில் தொடர்ந்தவர்கள் குறைவு. இந்த நிலைமைகளைக் கணக்கில் எடுத்தே பின்வரும் கோரிக்கைகள் முன்வைக்கப்படுகின்றன.

1. இடியாத, ஆனால் குடியிருக்க முடியாத வீடுகள்

மனுவின் முதன்மைக் கோரிக்கை இதுவே. சுவர் நிற்கிறது, கூரை இருக்கிறது, ஆனால் பின்பக்கச் சரிவில் வெடிப்பு விழுந்துவிட்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அவ்வீட்டில் இருக்க வேண்டாம் என்கிறது. வழமையான காப்புறுதிப் பத்திரமோ கட்டடத்துக்கு நேர்ந்த பௌதிகச் சேதத்துக்கு மட்டுமே பணம் தரும். அடியிலுள்ள காணிக்கு அதில் இடமில்லை. ஆக, அரசின் சொல்லைக் கேட்டு வெளியேறியவருக்கு வீடும் இல்லை, இழப்பீடும் இல்லை. மகனின் வீட்டிலோ வாடகை அறையிலோ ஒதுங்கிய முதியவர், இடியாத வீட்டின் பெயரால் ‘பாதிக்கப்படாதவர்’ ஆகிவிடுகிறார்.

எனவே, கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு முடிவு ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் தமிழிலோ சிங்களத்திலோ எழுத்தில் தரப்பட வேண்டும். நிரந்தரமாகக் குடியிருக்கத் தகாதது என்று குறிக்கப்பட்ட வீடு, அரச இழப்பீட்டில் முற்றாக அழிந்த வீட்டுக்குச் சமமாகக் கொள்ளப்பட வேண்டும். மலைநாட்டு வீடுகளுக்கான பத்திரங்களில் இத்தகைய வெளியேற்றத்துக்கும் காப்புத் தரும் மேலதிக வாசகம் ஒன்றை ஆணைக்குழு காப்புறுதி நிறுவனங்களுடன் பேசி உருவாக்க வேண்டும்.

2. காற்றா, வெள்ளமா, மண்சரிவா?

2005இல் கத்ரீனா சூறாவளிக்குப் பின் அமெரிக்காவின் மிசிசிப்பிக் கரையில் அத்திவாரம் மட்டும் மிஞ்சிய வீடுகளுக்கு முன்னால் நின்று மதிப்பீட்டாளர்கள் வாதிட்டார்கள். காற்று இடித்திருந்தால் பணம் உண்டு; கடல்நீர் இடித்திருந்தால் அந்தப் பத்திரத்தில் இல்லை. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் ஓடின. இங்கும் புயல், வெள்ளம், மண்சரிவு என்பன ஒரு பத்திரத்தில் சேர்ந்தும் இன்னொன்றில் பிரிந்தும் வருகின்றன. வளிமண்டலவியல் திணைக்களமும் கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் இணைந்து, கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியாகச் சேதத்தின் காரணத்தை உறுதிப்படுத்தும் ஒரே சான்றிதழை வெளியிட வேண்டும். காரணத்தை நிரூபிக்கும் சுமையை எண்பது வயதுக்காரர் தலையில் ஏற்றக்கூடாது.

3. பழைய தொகையும் புதிய விலையும்

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது. சீமெந்து, கம்பி, கூரைத்தகடு எல்லாம் விலை ஏறின. பல பத்திரங்களில் எழுதியிருந்த தொகை மட்டும் அசையவில்லை. இதனால் வரும் அடி பலருக்குத் தெரியாது. மீளக் கட்ட 80 இலட்சம் ரூபா தேவைப்படும் வீட்டை 40 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தவருக்கு 10 இலட்சம் ரூபா சேதம் வந்தால், சராசரி விதியின்படி (காப்புறுதித் தொகை வீட்டின் பெறுமதியில் எத்தனை பங்கோ, சேதத்திலும் அத்தனை பங்கையே தரும் விதி) கையில் கிடைப்பது 5 இலட்சமே. தாமே குடியிருக்கும் 60 வயது கடந்தோரின் வீடுகளுக்கு, இந்த அனர்த்தத்தின் அளவில் இவ்விதியைத் தளர்த்துமாறு ஆணைக்குழு நிறுவனங்களைக் கோர வேண்டும். இனிமேல் புதுப்பித்தல் அறிவித்தலிலேயே இவ்விதி எளிய தமிழில், உதாரணக் கணக்குடன் அச்சிடப்பட வேண்டும்.

4. சேற்றில் போன ஆவணங்கள்

2015 டிசம்பர்ச் சென்னை வெள்ளத்தின்போது இந்தியக் காப்புறுதி ஒழுங்குமுறை அமைப்பு, இழப்பீட்டு வேலைகளுக்கென மூத்த அதிகாரி ஒருவரை நியமிக்கவும் நடைமுறைகளை எளிதாக்கவும் நிறுவனங்களுக்குப் பணித்தது. இலங்கையிலும் சுனாமிக்குப் பின் 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம், காணாமற்போனோருக்கு மரணச் சான்றிதழ் பெறுவதைச் சுலபமாக்கியது. ஆவணங்களை இழந்தோருக்கு நடைமுறையை எளிதாக்க முன்மாதிரிகள் இருக்கின்றன.

தெல்தெனியவில் நடமாடும் சேவை நடத்தப்பட வேண்டும். ஆட்பதிவுத் திணைக்களம், காணிப் பதிவகம், பதிவாளர், காப்புறுதி நிறுவனங்கள் எல்லாம் ஒரே மண்டபத்தில், ஒரே நாளில் அமர வேண்டும். படுக்கையில் இருப்போரிடம் அதிகாரிகளே செல்ல வேண்டும். புதைந்தவரின் உடல் கிடைக்காத குடும்பத்திடம் ஆயுள் காப்புறுதிக்காக மேலதிகச் சான்று கேட்டு அலைக்கழிக்கக்கூடாது.

5. லயன் வீடுகள்

கட்டடம் தோட்டத்துக்குச் சொந்தம். அடுப்பு, அலுமாரி, தையல் இயந்திரம், பேத்தியின் புத்தகம் ஆகியவை குடியிருப்பவருக்குச் சொந்தம். காணி உறுதி இல்லை என்பதற்காக இவற்றின் இழப்பு பதியப்படாமல் போகக்கூடாது. கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று போதுமானதாக ஏற்கப்பட வேண்டும். வீட்டுப் பொருள்களுக்கு மட்டுமான சிறு தொகைக் காப்புறுதியும் தோட்ட மக்களுக்குக் கிடைக்க வழி செய்யப்பட வேண்டும்.

6. கையொப்பம் வாங்க வருவோர்

அனர்த்தத்தின் பின்னால் தரகர்களும் வருவார்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் கூரை திருத்துவோர் வீட்டுக்காரரின் இழப்பீட்டு உரிமையையே தம் பெயருக்கு எழுதி வாங்கும் பழக்கம் பெருகி, 2022 டிசம்பரில் மாநிலம் சட்டமியற்றிப் புதிய பத்திரங்களுக்கு அதைத் தடுத்தது. இங்கே வெற்றுப் படிவத்தில் கையொப்பம் வாங்குவது தடுக்கப்பட வேண்டும். ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்ற பற்றுச்சீட்டு மூத்தோருக்குத் தாய்மொழியில் வாசித்துக் காட்டப்பட்டு, யோசிக்க 14 நாள் தரப்பட வேண்டும். இழப்பீட்டுக் கோரிக்கையை மறுக்கும் ஒவ்வொரு கடிதத்திலும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடும் வழி தமிழில் குறிக்கப்பட வேண்டும்.

7. அரசின் காப்புறுதி

2016இல் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாகத் தொடங்கிய இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டத்தில், தவணைக் கட்டணத்தை அரசே செலுத்தியது. வீடொன்றுக்கு 25 இலட்சம் ரூபா வரை காப்பு அறிவிக்கப்பட்டது. அத்திட்டத்தின் இன்றைய நிலை, வரம்பு, விலக்குகள் ஆகியவை எல்லாக் கிராம உத்தியோகத்தர் அலுவலகங்களிலும் மும்மொழியிலும் ஒட்டப்பட வேண்டும். இன்னொரு வகைக் காப்பும் உண்டு. டித்வாவுக்கு ஒரு மாதம் முன்னர், 2025 ஒக்டோபர் 28 அன்று, மெலிசா சூறாவளி ஜமைக்காவைத் தாக்கியது. புயலின் அளவீடுகளை மட்டுமே வைத்துத் தீர்மானிக்கும் அனர்த்தப் பிணைமுறி மூலம் அந்நாட்டு அரசுக்கு 15 கோடி அமெரிக்க டொலர் முழுமையாகக் கிடைத்தது. வீடுவீடாக மதிப்பீட்டாளர் போகவேண்டி இருக்கவில்லை. மழையளவை அடிப்படையாகக் கொண்ட அவ்வகைக் காப்பை மலைநாட்டுக்கு ஏற்படுத்துவது பற்றி அரசுக்குப் பரிந்துரைக்குமாறு மனுதாரர்கள் வேண்டுகின்றனர்.

இக்கோரிக்கைகளை நேரில் விளக்க, மெததும்பர பிரதேச செயலகத்தில் 30 நாட்களுக்குள் கூட்டமொன்று ஒழுங்கு செய்யப்பட வேண்டும். காப்புறுதி நிறுவனங்களின் கண்டிக் கிளைப் பொறுப்பாளர்களும் அதற்கு அழைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியே, தமிழிலும் சிங்களத்திலும் எழுத்துமூலப் பதில் தருமாறும், முதலாம், நான்காம் கோரிக்கைகளை ஒக்டோபர் இடைப்பருவ மழைக்கு முன் நிறைவேற்றுமாறும் மனுதாரர்கள் பணிவுடன் கேட்டுக்கொள்கின்றனர்.

இப்படிக்கு,
சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர்
தெல்தெனிய